டிரெயின் போல்ட்டில் ஆயில் கசியாமல் மூடுவது எப்படி?

இன்ஜின் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாம் என்று முடிவு செய்பவர்கள் எந்த கிரேடு, எந்த பிராண்ட், எத்தனை லிட்டர் என்பதைத்தான் மணிக்கணக்கில் படிக்கிறார்கள். அதெல்லாம் தேவைதான். ஆனால் ஆயில் மாற்றிய மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் தரையில் ஒரு பொட்டு தெரிந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் டிரெயின் போல்ட்தான், அதாவது பழைய ஆயிலை வடிக்க இன்ஜினுக்கு அடியில் கழற்றும் போல்ட். அந்த ஒரு போல்ட்டைச் சரியாக மூடத் தெரிந்துவிட்டால் ஆயில் மாற்றுவதில் மீதி எல்லாம் பொறுமை இருந்தால் வந்துவிடும் வேலை. நம் ஊரில் அதிகம் ஓடும் பெட்ரோல் கார்களை வைத்துச் சொல்கிறேன். பைக் வைத்திருப்பவர்களுக்கான விஷயங்கள் பின்னால் வருகின்றன.

முதலில் ஆயிலை அடைப்பது எது?

கழற்றிய டிரெயின் போல்ட்டைக் கையில் வைத்துப் பாருங்கள். அகலமான தலை, கீழே மரை, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய வாஷர். ஆயில் வெளியே வராமல் தடுப்பது இந்த வாஷர்தான். மரைக்கு அந்த வேலை கிடையாது. போல்ட்டின் தலையை ஆயில் சேம்பரோடு (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி) சேர்த்து இழுத்துப் பிடிப்பது மட்டுமே மரையின் வேலை. அந்த இழுப்பில் நடுவே மாட்டிய வாஷர் நசுங்குகிறது. அலுமினியமும் செம்பும் மிருதுவான உலோகங்கள். அதனால் தலையிலும் சேம்பரிலும் இருக்கும் பொடிக் கீறல்களுக்குள் அவை பிதுங்கி இறங்கி, ஆயில் நுழைய இடம் இல்லாமல் செய்துவிடுகின்றன.

இது புரிந்தால் மரையில் டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கம் ஏன் வீண் என்பதும் புரியும். பிளம்பிங்கில் பல இடங்களில் குழாயின் மரை நுனியை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். திருகத் திருக மரையோடு மரை இறுகி அங்கேயே அடைபடும். டேப் அதற்குத் துணை. டிரெயின் போல்ட்டின் மரை மேலிருந்து கீழ் வரை ஒரே தடிமன். டேப் அங்கே சாதிப்பது ஒன்றும் இல்லை, கெடுப்பதுதான் அதிகம். அது வழவழப்பானது என்பதால் அதே பலத்தில் திருப்பினாலும் போல்ட் கூடுதலாக இழுபடும், அலுமினிய மரைக்கு அது ஆபத்து. பிய்ந்த துணுக்குகள் ஆயிலோடு போய் ஸ்ட்ரெய்னரில் (ஆயிலை வடிகட்டும் வலை) ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

அனபாண்ட் மாதிரியான கேஸ்கெட் பசைகளும் அப்படித்தான். அவை நல்ல பொருட்கள், அவற்றுக்கென்று இடம் இருக்கிறது. வாஷர் போட்ட டிரெயின் போல்ட் அந்த இடம் இல்லை. வெளியே பிதுங்கிய பசை கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியது தெரியாது. அது எப்போது உதிரும், எங்கே போய் அடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. (சில கியர்பாக்ஸ்களிலும் பழைய இயந்திரங்களிலும் வாஷரே இல்லாத, குறுகும் மரை கொண்ட பிளக் இருக்கும். அங்கே மரைக்குப் பசை போடச் சொல்லி மேனுவலே சொல்லும். அது தனி வகை.)

வாஷர் வாங்குவது

ஆயில் வாங்கும்போதே வாஷரையும் வாங்கிவிடுங்கள். வேலையைத் தொடங்கிய பிறகு, சேம்பர் திறந்து கிடக்கும் நேரத்தில், கடை தேடி ஓடக் கூடாது.

ஒரு முறை நசுங்கிய வாஷரை மறுபடி நம்ப முடியாது. நசுங்கும்போதே அந்த உலோகம் கெட்டிப்பட்டுவிடுகிறது. பழைய வாஷரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், போல்ட் தலை பதிந்த வட்டத் தடம் தெளிவாகத் தெரியும். அதைத் திரும்பப் போட்டால் பழைய தடம் புதிய இடத்தோடு பொருந்தாது, மேற்கொண்டு நசுங்கவும் அதில் மிருது மிச்சம் இல்லை. அப்போது கசியும், கசிவதைப் பார்த்து இன்னும் டைட் வைப்போம், மரை போகும். ஒரு டீ, வடைக்கு ஆகும் செலவில் முடிய வேண்டியது சேம்பர் மாற்றும் செலவில் போய் நிற்பது இப்படித்தான்.

வகை வண்டிக்கு வண்டி மாறும். ஹோண்டா கார்களில் பொதுவாக 14 மி.மீ. அலுமினிய வாஷர், ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும் என்று கம்பெனியின் சர்வீஸ் மேனுவலே சொல்கிறது. டொயோட்டாவின் பல பெட்ரோல் இன்ஜின்களில் போல்ட் 12 மி.மீ. தடிமன். சில ஃபோர்டு கார்களில் வாஷருக்குப் பதிலாக போல்ட்டிலேயே ரப்பர் வளையம் பொருத்தி வரும். ஃபோக்ஸ்வாகனின் பல மாடல்களில் வாஷர் போல்ட்டிலிருந்து கழன்று வராது, அதனால் போல்ட்டையே புதிதாகப் போட வேண்டும். எனவே உங்கள் வண்டிக்கு எது என்பதை மேனுவலிலோ, கம்பெனி ஸ்பேர்ஸ் கவுண்டரில் மாடலும் வருடமும் சொல்லியோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

சென்னை ஜி.பி. ரோடு மாதிரி ஸ்பேர்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் இடங்களில் செம்பு வாஷர் சில்லறையாகவும் கிடைக்கும். அங்கே வாங்கினால் பழைய வாஷரைக் கையோடு எடுத்துப் போய் உள்வட்டம், வெளிவட்டம், தடிமன் மூன்றையும் ஒப்பிடுங்கள். உள்வட்டம் பெரிதாக இருந்தால் வாஷர் ஒரு பக்கம் ஒதுங்கி உட்காரும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண இரும்பு வாஷர் மட்டும் வேண்டாம். அது நசுங்காது, நசுங்காத வாஷர் அடைக்காது.

அவசரத்துக்குச் செம்பு வாஷரை மட்டும் மீட்கலாம். இடுக்கியில் பிடித்துக் கேஸ் அடுப்பில் மங்கலான சிவப்பு வரும் வரை சூடாக்கி ஆறவிட்டால் செம்பு மறுபடி மிருதுவாகிவிடும். மேலே படியும் கருமையை நன்றாகத் துடைத்துவிட்டுப் போட வேண்டும். அலுமினியத்தில் இதை முயற்சி செய்யாதீர்கள். அது சிவக்காமலேயே உருகிவிடும்.

கழற்றும்போதே கவனிக்க வேண்டியவை

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ரேம்ப்பிலோ ஜாக் ஸ்டாண்டிலோ ஏற்றிக்கொள்ளுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காருக்கு அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது. இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிப்பது நல்லது. ஊரெல்லாம் ஓட்டிவிட்டு வந்த சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும்.

அடுத்து, சரியான போல்ட்டைக் கண்டுபிடிப்பது. முன்சக்கர இழுவை கார்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் பக்கம் பக்கமாக இருக்கும், இரண்டுக்கும் தனித்தனி டிரெயின் போல்ட் உண்டு. புதிதாகச் செய்பவர்கள் கியர்பாக்ஸை வடித்துவிட்டு, வடியாத இன்ஜினில் புது ஆயிலையும் ஊற்றிவிடுவது நடக்கக்கூடிய விஷயம். அப்படி ஓட்டினால் இரண்டுமே கெடும். மேனுவலில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கருவிக்கு வருவோம். ஆறு முனை சாக்கெட் இருந்தால் முதல் இடம் அதற்கு, அடுத்தது ரிங் ஸ்பேனர். ஸ்க்ரூ ஸ்பேனரும் இடுக்கியும் போல்ட் தலையின் மூலைகளை மழுக்கிவிடும். அடியில் படுத்திருக்கும்போது திருப்பும் திசை குழப்பும். போல்ட் தலைக்கு நேராக முகத்தை வைத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். இந்த இடத்தில் நிதானம் வேண்டும், லூஸ் செய்வதாக நினைத்து டைட் வைத்தே மரையைப் போக்கிவிட வாய்ப்பு இருக்கிறது.

லூஸ் ஆனதும் விரலால் கழற்றுங்கள். கடைசி ஒன்றிரண்டு சுற்றில் போல்ட்டை உள்ளே அழுத்தியபடியே திருப்பி, மரை விட்டதும் சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிட்டால் கை அதிகம் நனையாது.

இப்போது வாஷரைத் தேடுங்கள். போல்ட்டோடு வந்திருந்தால் சரி. வரவில்லை என்றால் ஆயில் டப்பாவுக்குள் விழுந்திருக்க வேண்டும், அல்லது சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட வாஷர் ஆயிலும் தூசியும் படிந்து சேம்பரின் பாகம் போலவே தெரியும். துளையின் ஓரத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், ஒரு விளிம்பு தட்டுப்பட்டால் அதுதான். பிளாஸ்டிக் கரண்டி மாதிரி ஏதாவது கொண்டு நெம்பி எடுங்கள். கவனிக்காமல் அதன் மேலேயே புது வாஷர் போட்டால் இரண்டு வாஷருக்கும் நடுவில் கசியும். ஆயில் ஃபில்டரிலும் இதே ஆபத்து உண்டு. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே தங்கி, புதியது அதன் மேல் உட்கார்ந்தால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சி அடிக்கும்.

துடைப்பதும் மாட்டுவதும்

ஆயில் முழுக்க வடியட்டும். அந்த நேரத்தில் போல்ட்டைப் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து மரையைப் பாருங்கள். மரையின் இடுக்கில் வெள்ளிக் கம்பிபோல அலுமினியச் சுருள் ஒட்டியிருந்தால் சேம்பரின் மரை தேயத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். போல்ட் நுனியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் மைபோலப் படிந்திருப்பது வழக்கமானதுதான், துடைத்துவிடலாம். கையில் எடுக்கும் அளவுக்குத் துண்டு துண்டாக இரும்பு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சேம்பரில் வாஷர் உட்காரும் வட்டத்தையும் நன்றாகத் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் போதும், வாஷர் சாய்ந்து உட்கார. எமரி பேப்பரோ அரமோ அங்கே படக் கூடாது. துளையிலிருந்து வெளிப்பக்கமாகப் போகும் ஒரு கீறல் ஆயிலுக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.

புது வாஷரை போல்ட்டில் கோத்து, போல்ட்டை விரலால் மட்டும் திருகுங்கள். முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் 'டிக்' என்று போல்ட் லேசாக இறங்குவது தெரியும். மரைகள் நேருக்கு நேர் வந்த இடம் அது, அங்கிருந்து நேர்த்திசையில் திருப்பினால் கோணலாக ஏறாது. வாஷர் தொடும் வரை விரல் பலத்திலேயே போக வேண்டும். நடுவில் இறுகினால் ஸ்பேனரை எடுக்காதீர்கள். கழற்றி, துடைத்து, மறுபடி தொடங்குங்கள். இந்த ஒரு விதியை விடாமல் பிடித்தால் மரை கோணலாக ஏறிப் போவது பெரும்பாலும் நடக்காது.

எவ்வளவு டைட்?

போல்ட்டைத் திருப்பும் பலத்தை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். மாருதி ஸ்விஃப்ட்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு 35 நியூட்டன் மீட்டர். ஹோண்டாவின் 14 மி.மீ. போல்ட்டுக்கு 39 முதல் 40 வரை. நினைப்பதைவிட இது குறைவான பலம். வீல் நட்டுகளை டைட் வைக்கும் வேகத்தில் இதில் கை வைத்தால் மரை தாங்காது.

டார்க் ரெஞ்ச் (குறித்து வைத்த பலம் வந்ததும் தெரிவிக்கும் ஸ்பேனர்) இருந்தால் அதன் அளவுகோலைச் சரிபாருங்கள். பல ரெஞ்ச்களில் நியூட்டன் மீட்டர், அடி-பவுண்டு இரண்டும் குறித்திருக்கும். 35 நியூட்டன் மீட்டர் என்பது ஏறக்குறைய 26 அடி-பவுண்டு. தவறிப்போய் அடி-பவுண்டு பக்கம் 35 வைத்தால் 47 நியூட்டன் மீட்டருக்குப் போய்விடும். மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். ஒரு முறை 'கிளிக்' சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். உறுதிக்காக இன்னும் இரண்டு முறை கிளிக் செய்வது பலருக்கும் பழக்கம், ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடுதலாக இறுக்கும்.

டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தால் அதை ரிங் ஸ்பேனரில் மாட்டுங்கள். போல்ட்டின் மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி, ஸ்பேனருக்குச் சரியாகச் செங்குத்தாக இழுத்து, தராசு 18 கிலோ காட்டினால் அது 35 நியூட்டன் மீட்டர். 40 வேண்டுமானால் 20 கிலோவுக்குச் சற்று மேல். ரெஞ்ச் அளவுக்குத் துல்லியம் இல்லை என்றாலும் வெறும் கைக் கணக்கைவிட எவ்வளவோ மேல். ஸ்பேனருக்குப் பைப் மாட்டி நீளம் கூட்டுவதோ காலால் மிதிப்பதோ டிரெயின் போல்ட்டில் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

புது அலுமினிய வாஷர் நசுங்குவது கைக்குத் தெரியும். தொட்ட பிறகு கொஞ்ச தூரம் மெத்தென்று போகும், அப்புறம் கெட்டியாகும். அந்தக் கெட்டியில் நிறுத்த வேண்டும். கெட்டியான பிறகும் திருப்பிக்கொண்டே போகும்போது மறுபடி மெத்தென்று ஆனால், இந்த முறை நெகிழ்வது வாஷர் இல்லை, மரை. அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள்.

டைட் வைத்ததும் போல்ட் தலையிலிருந்து சேம்பர் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுவது நல்ல பழக்கம். பிறகு எப்போது குனிந்து பார்த்தாலும் போல்ட் நகர்ந்திருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும்.

கசிகிறதா என்று பார்ப்பது

ஆயில் ஊற்றும் முன் போல்ட்டையும் சுற்றுப்புறத்தையும் ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பழைய ஆயில் எது, புதுக் கசிவு எது என்று பிரிக்க முடியாது. மேனுவல் சொல்லும் அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, டிப்ஸ்டிக்கில் பார்த்து மீதியைச் சேருங்கள். ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்த பிறகு, போல்ட்டுக்கு அடியில் வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். மறுநாள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இன்னொரு முறை.

ஈரம் தெரிந்தால் உடனே ஸ்பேனரைத் தேட வேண்டாம். ஆயில் கீழ்நோக்கித்தான் ஓடும். ஃபில்டரில் கசிவதும், ஃபில்டர் கழற்றும்போது சிந்தியதும் வழிந்து வந்து சேம்பரின் மிகத் தாழ்வான இடத்தில் தொங்கும். அந்த இடம் பெரும்பாலும் டிரெயின் போல்ட்தான். துடைத்துவிட்டு மேலிருந்து கீழாக எங்கே முதலில் நனைகிறது என்று பாருங்கள். போல்ட்டிலேயே என்று உறுதியானால், டார்க் ரெஞ்சில் சொன்ன அளவு இருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்க்கலாம். இதற்கு ஆயிலை வடிக்க வேண்டியதில்லை. அளவு சரியாக இருந்தும் கசிந்தால் மேலே டைட் வைப்பதில் பயன் இல்லை. சுத்தமான டப்பாவில் ஆயிலை வடித்து, வாஷரையும் உட்காரும் வட்டத்தையும் மறுபடி பாருங்கள். தூசி படாமல் வடித்த புது ஆயிலைத் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. கேனில் அடைத்து, பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள்.

பைக், ஸ்கூட்டரில்

கொள்கை ஒன்றுதான், ஆனால் பிழைக்கு இடம் குறைவு. காரில் சேம்பர் தனிப் பாகம். மரை போனாலும் அதைக் கழற்றி மாற்ற முடியும். பல பைக்குகளில் டிரெயின் துளை இன்ஜினின் அலுமினிய கிராங்க்கேஸிலேயே (இன்ஜினின் அடிப்பகுதிக் கூடு) இருக்கிறது. அங்கே மரை போனால் இன்ஜினின் பாதி உடம்பு போன மாதிரி.

ஹோண்டா வழி வந்த சிறிய இன்ஜின்களில் 12 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 24 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் மாடலின் எண்ணை மேனுவலில் பாருங்கள். ஸ்கூட்டரில் பின்சக்கரத்தின் பக்கம் கியர் ஆயிலுக்குத் தனி போல்ட் இருக்கிறது, அதை இன்ஜின் ஆயில் போல்ட் என்று நினைத்துவிடாதீர்கள். சில 100 சிசி பைக்குகளில் இன்ஜினுக்கு அடியில் டைமிங் செயின் டென்ஷனரின் போல்ட்டும் அருகிலேயே இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளிருந்து ஸ்பிரிங் வந்து விழும்.

இன்னும் சில பைக்குகளில் பெரிய மூடி, ஸ்பிரிங், வலை ஸ்ட்ரெய்னர், ஓ-ரிங் என்று சேர்ந்து வரும். கழற்றும் வரிசையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓ-ரிங்கில் நசுங்க உலோகம் இல்லை, ரப்பர் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தாலே அடைத்துவிடும். அதில் ஒரு துளி ஆயில் தடவி, முறுக்கு விழாமல் வைத்து, மேனுவல் சொல்லும் அளவோடு நிறுத்துங்கள்.

மரை போய்விட்டால்

காரோ பைக்கோ, போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போய்விட்டது. எம்-சீல் அப்பி ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதிர்விலும் சூட்டிலும் அது எப்போது விடும் என்று தெரியாது, ஆயில் இல்லாமல் இன்ஜின் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். ரப்பர் பிளக்கும், புது மரை வெட்டிக்கொண்டே ஏறும் பெரிய போல்ட்டும் ஒர்க்‌ஷாப் வரை போய்ச் சேர உதவும், அதற்கு மேல் வேண்டாம்.

நிரந்தர வழி ஹெலிகாயில். பழைய துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதற்குள் எஃகுக் கம்பிச் சுருளைத் திருகி இறக்குவார்கள். பழைய அளவு போல்ட்டே மறுபடி பொருந்தும், அலுமினிய மரையைவிட உறுதியாகவும் இருக்கும். நல்ல லேத் பட்டறையிலோ பைக் ஒர்க்‌ஷாப்பிலோ செய்து தருவார்கள். துளை நேராக இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோணலானால் போல்ட் தலை சமமாக உட்காராது, எந்த வாஷர் போட்டாலும் ஒரு பக்கம் கசியும். வெட்டும் கருவியில் கிரீஸ் தடவிச் செய்தால் அலுமினியத் துகள் பெரும்பாலும் அதிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். மீதித் துகளுக்கு, போல்ட்டை மூடும் முன் மேலிருந்து கொஞ்சம் விலை குறைந்த ஆயிலை ஊற்றித் துளை வழியாக வடித்துவிடச் சொல்லுங்கள். வடிந்ததை வெள்ளைத் துணியில் வாங்கிப் பார்த்து, மினுமினுப்பு இல்லை என்று தெரிந்த பிறகே புது வாஷரோடு போல்ட்டை மாட்ட வேண்டும்.